காயாத சட்டை

சியாட்டில்,
16 ஆகஸ்ட் 1992

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

நீ வீட்டு போனை வெட்டிவிட்டதிலிருந்து நான் கை வலிக்க எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு மணி அடிப்பது கேட்காது, நீ பகலெல்லாம் சிப்பிக் கொட்டகையில் நிற்கிறாய், பிறகு தண்டத்துக்கு எதற்கு ஒரு போன் என்று கேட்டாய். நியாயம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு எழுதாதவன் நான் என்பது உனக்கே தெரியும்.

ரெக்கார்டு முடிந்துவிட்டது. பதினொரு பாட்டு. போன வருஷம் நிர்வாணா குழுவின் ரெக்கார்டு விற்ற விற்பனையைப் பார்த்துவிட்டு, கலிஃபோர்னியா கம்பெனிக்காரர்கள் இங்கே ஈயாக மொய்க்கிறார்கள். கையில் கிதார் பெட்டியோடு தெருவில் நடந்தால் போதும், காபி வாங்கித் தருகிறார்கள். சவுண்ட்கார்டன், பேர்ல் ஜாம், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று ரேடியோவைத் திருப்பினால் எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள். அந்த அலையில் நம் ‘லோ டைட்’டும் எப்படியோ கரை ஒதுங்கிவிட்டது. நானும் டக்கியும் நம் கராஜில் உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு வாசித்த அதே குழுதான் இது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. உன் இடத்தில் பேஸ் கிதார் வாசிப்பவன் கலிஃபோர்னியாப் பையன். நல்லவன். நம்ம ஊரில் ஒருவரும் பிடிக்காத குடையை மழைக்குப் பிடித்துக்கொண்டு வருகிறான். டக்கி அவன் முகத்தைப் பார்க்காமல்தான் மேளம் அடிக்கிறான்.

ஒரு பத்திரிகைக்காரி வந்தாள். உங்கள் பாட்டு ஏன் இவ்வளவு தாழ்ந்த சுருதியில், இருட்டாக இருக்கிறது என்று கேட்டாள். மழை, வேலையின்மை, இளைஞர்களின் விரக்தி என்று பதிலையும் அவளே எழுதிக்கொண்டாள். மரம் அறுத்து அறுத்து எங்கள் அப்பாவுக்குக் காது போய்விட்டது, தாழ்ந்த ஒலி மட்டும்தான் எட்டும், அவருக்காகத்தான் கம்பிகளைத் தளர்த்தினோம் என்று சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

உன் ‘காயாத சட்டை’ பாட்டு ரெக்கார்டில் இருக்கிறது. நான் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. எங்கே, எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டேன். உன் வண்டியிலும் வீட்டிலும் கேஸட்தானே ஓடும், அதையே அனுப்பச் சொல்கிறேன். வந்ததும் அப்பாவை உட்காரவைத்துக் கடைசிவரை ஓடவிடு. முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதே.

ஜனவரியில் இங்கே பெரிய அரங்கில் வாசிக்கிறோம். அந்த ஒரு பாட்டுக்கு நீதான் வந்து பாட வேண்டும். மாட்டேன் என்று உடனே எழுதாதே.

உன் தம்பி,
ராய்ஸ்


ரேமண்ட்,
30 ஆகஸ்ட் 1992

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரிய ஆளாகிவிட்டாய், ஆனாலும் கையெழுத்து கோழி கிளறியதுபோலவேதான் இருக்கிறது. சாப்பாடு சரியாக இருக்கிறதா? போன தடவை வந்தபோது உன் கன்னத்து எலும்பைப் பார்த்து அப்பா என்னிடம் தனியாக வருத்தப்பட்டார். தனியாக என்றால் அவர் கணக்கில் தனியாக. தெருக்கோடிவரை கேட்டது.

நீ சொன்ன பத்திரிகையை மளிகைக் கடையில் பார்த்தேன். உங்கள் படத்துக்குப் பின்பக்கமே ஒரு துணி விளம்பரம். அப்பா காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற கட்டம் போட்ட தடித்த சட்டைதான், வேண்டுமென்றே கிழித்தது, ஒரு பெண் தொடை தெரியப் போட்டிருக்கிறாள். விலையைப் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் தன் சட்டைக் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கிழிசலுக்குத் தனியா காசா?” என்று கேட்டார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு.

இனி சிரிக்க முடியாத செய்தி. ஒலிம்பியாவில் காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மேல் ஸ்தாயி போய் வருஷக்கணக்காகிறது, அது நமக்குத் தெரிந்ததுதான். இப்போது கீழ் ஸ்தாயியும் இறங்குகிறதாம். வசந்தம் வரைக்கும் இருந்தால் பெரிது என்கிறார். அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சீட்டை என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, “அந்தச் சட்டைப் பாட்டு எப்ப வருது?” என்றார்.

உனக்கு நினைவிருக்கும். அம்மா இறந்த வருஷத்து மழையில், அப்பாவுடைய சட்டையை நான் முதல்முதலாகத் துவைத்து அடுப்புப் பக்கம் போட்டேன். நாலு நாளாகியும் காயவில்லை. அன்றைக்கு எழுதிய பாட்டு அது. கராஜில் நீ அந்த நாலு தடத்து டேப் மெஷினில் பதிவு செய்தபோது அவர் என் பேஸின் ஆம்ப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் பாடியது அவருக்குக் கேட்கவில்லை, பேஸ் மட்டும் உடம்பில் ஏறியது. அந்த ஆம்பும் இப்போது உன்னிடம், இருந்த ஒரே டேப்பும் உன்னிடம். அதிலிருந்து இந்த வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை.

அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பாட்டை யாரிடமும் கொடுத்து மாற்றிவிடாதே. அவர் கேட்க வேண்டியது அதுதான். அது வந்து அவர் காதில் விழுந்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஜனவரி விஷயம் அதற்குப் பிறகு.

மெர்ல் தன் மதுக்கடையில் பழைய பாட்டுப் பெட்டியைத் தூக்கிவிட்டு, சிடி ஓடுகிற புதுப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு பாட்டுக்குக் கால் டாலர். நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்பதற்காக உன் சிடியையும் வாங்கி வைப்பாராம்.

அன்புடன்,
அக்கா மார்லிஸ்


ரேமண்ட்,
25 அக்டோபர் 1992

ராய்ஸுக்கு,

கேஸட் வந்தது. அட்டையில் உன் படம் நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்துக்கொண்டோம். அப்பா குளித்து, சர்ச்சுக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கம் ஓடியது. திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கமும் ஓடியது. ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டி இல்லை என்றேன். கடைசிப் பாட்டும் முடிந்து கொஞ்சம் சும்மா ஓடியது. நீ எழுந்து போகாதே என்று எழுதியிருந்தாயே என்று நான் அசையவில்லை. பிறகு மெஷினின் பொத்தான் தானாக எழும்பியது. அவருக்கு அது கேட்கவில்லை. கையை எடுக்காமல், “இன்னும் வரலையா?” என்றார்.

அடுத்த ரெக்கார்டில் வருகிறதாம் அப்பா என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ரெக்கார்டு வரும்போது அவருக்கு என்ன மிச்சமிருக்கும் என்று உனக்கும் தெரியும்.

அட்டையில் உள்ள பெயர்களையெல்லாம் படித்தேன். காபி வாங்கி வந்தவனுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறாய். என் பெயர் இல்லை. அது போகட்டும், நான் அதைக் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் வேண்டாம் என்றிருப்பான், உன்னால் முடியாமல் போயிருக்கும். அப்படியென்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம். இருக்கிறது, இருக்கிறது என்று எதற்கு ஆசை காட்டினாய்?

மெர்லும் வழியில் என்னை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். “உன் தம்பி சிடி என் பெட்டியக் கெடுக்குது. கடைசிப் பாட்டப் போட்டா முடிஞ்சதும் செத்த பொணமாட்டம் நின்னுடுது. ஒவ்வொரு தடவையும் பிளக்கப் புடுங்கி மாட்ட வேண்டியிருக்கு” என்று ஒரே புலம்பல். என் வீட்டிலும் அதே கதைதான் என்று வந்துவிட்டேன்.

நீ வெளிநாடு கிளம்பிவிட்டாயோ என்னவோ. எங்கே இருந்தாலும் இதற்கு ஒரு பதில் எழுது.

மார்லிஸ்


ஹாம்பர்க்,
2 நவம்பர் 1992
(படத் தபால் அட்டை)

அக்கா! இங்கேயும் நம்ம ஊர் மழைதான், ரொட்டி மட்டும் நன்றாக இருக்கிறது. கேஸட் கிடைத்திருக்கும். அந்தக் கடைசி வேடிக்கையைப் பார்த்தீர்களா? அப்பா முகம் எப்படி இருந்தது? என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாமல் எழுதி வை, வந்து படிக்கிறேன். கலிஃபோர்னியாப் பையன் குடையை ரயிலில் தொலைத்துவிட்டான், ஒருவழியாக நம்ம ஆளாகிவிட்டான். — ராய்ஸ்


ரேமண்ட்,
16 நவம்பர் 1992

ராய்ஸுக்கு,

உன் அட்டை வந்தது. அப்பா முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். இதை வேடிக்கை என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. நான் அட்டையை அவரிடம் காட்டவில்லை. தம்பி நன்றாக இருக்கிறான், ரொட்டி நன்றாக இருக்கிறதாம் என்று மட்டும் எழுதிக் காட்டினேன்.

ஜனவரிக்கு நான் வரவில்லை. பேஸ் கிதாரை விற்பதற்கு மளிகைக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டிவிட்டேன். அப்பாவுக்குக் கேட்காத வீட்டில் அது எதற்கு?

உன்மேல் எனக்கு மிகவும் கோபம். இவ்வளவு கோபத்தோடு உனக்கு எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நீயும் கொஞ்ச நாள் எழுதாதே.

மார்லிஸ்


சியாட்டில்,
7 டிசம்பர் 1992

என் அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நேற்றுதான் வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்தால் காலடியில் உன் இரண்டு கடிதங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பையைக்கூட இறக்காமல் படித்தேன். இரண்டாவதைப் படித்ததும் அழுதுவிட்டேன் அக்கா. பிறகு முதல் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மெர்ல் பெட்டி கடைசிப் பாட்டோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது.

மெர்ல் பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. அது நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் பாட்டு அங்கேதான் இருக்கிறது. பதினொன்றாவது பாட்டு முடிந்ததும் பத்து நிமிடம் வெறும் மௌனம் விட்டு, அதற்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அட்டையில் பெயர் போடாமல், சிடியின் கோடியில் இப்படி ஒன்றை ஒளித்து வைப்பது இங்கே குழுக்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. தேடுகிறவனுக்குக் கிடைக்கும், மற்றவன் கழற்றிவிட்டுப் போவான். கேஸட்டிலும் அப்படியே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். மௌனத்துக்கெல்லாம் யார் நாடா செலவழிப்பார்கள் என்று கேஸட்டில் அதை அப்படியே வெட்டிவிட்டார்களாம். வெட்டியதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. நானும் ஒரு தடவை போட்டுக் கேட்காமல் விட்டேன்.

ஏன் ஒளித்தேன் என்று கேட்பாய். கம்பெனிக்காரருக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்துவிட்டது. அதுதான் தொல்லை. கராஜ் டேப்பில் தகரக்கூரை மழைச் சத்தம் கேட்கிறது, உன் அக்கா இருமுகிறார், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நீயே பாடு, ரேடியோவுக்குத் தகுந்தபடி சுருதியை ஏற்று என்றார். சுருதியை ஏற்றினால் அப்பாவுக்கு எப்படிக் கேட்கும்? முடியாது என்றேன். கடைசியில், பாட்டுப் பட்டியலில் போடாமல் எங்கேயாவது ஓரத்தில் வைத்துக்கொள், எனக்குத் தெரியாது என்றார். அந்த டேப்பில் ஒரு விரலும் படாமல் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கூடவே ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெரிய ரகசியம் செய்துவிட்டதாக நினைத்து, அதை உன்னிடமும் மறைத்து விளையாடினேன்.

உடனே ஓடி வந்திருப்பேன். நாளை காலை சிகாகோவுக்கு வண்டி கிளம்புகிறது, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் திரும்புவேன். அதுவரை காத்திருக்காதே. அப்பாவை மெர்ல் கடைக்குக் கூட்டிப் போ. பதினொன்றாவது பாட்டைப் போடச் சொல். முடிந்ததும் ஒருவரும் பெட்டியைத் தொடக் கூடாது, பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பெரிய ஸ்பீக்கர் கீழே முழங்கால் உயரத்தில் இருக்கும். அப்பா கையை அங்கே வைக்க வேண்டும்.

பேஸை விற்றுவிட்டாயா? விற்காமல் இருந்தால் ஒரு வரி எழுது.

உன்
ராய்ஸ்


ரேமண்ட்,
20 டிசம்பர் 1992

அன்பான ராய்ஸ்,

நீ ஊர் திரும்பும்போது இது உன் கதவுக்கடியில் கிடக்கட்டும் என்று எழுதுகிறேன். நேற்று முன்தினம் போனோம்.

முதலில் திட்டிவிடுகிறேன். பாட்டை ஒளித்து வைக்க அது என்ன திருட்டு விறகா? நீ காப்பாற்றினேன் என்கிறாய், சரி, நம்புகிறேன். ஆனால் பெயர் எழுதாமல் ஓரத்தில் வைப்பதற்கு இன்னொரு பெயரும் உண்டு, பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். இந்தக் கோபம் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

மெர்லிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “அப்ப ரெண்டு மாசமா ஓடிட்டிருந்தத நான்தான் புடுங்கிப் புடுங்கிக் கொன்னேனா?” என்றார். பாவம், முகம் தொங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, கூலி நாள், கடை நிறையக் கூட்டம். நாளைக்கு வருகிறோம் என்றேன். அவர் விடவில்லை. “உக்காரு டாய்வோ” என்று அப்பாவுக்கு ஒரு முக்காலியைப் பெட்டிக்கு முன்னால் போட்டு, தன் சட்டைப்பையிலிருந்தே கால் டாலர் எடுத்துப் போட்டார்.

உன் பதினொன்றாவது பாட்டு போட்ட சத்தத்தில் கண்ணாடித் தம்ளர்கள் ஆடின. அப்பாவுக்குக் கொஞ்சம் ஏறியது, தலையாட்டினார். பிறகு நின்றது. வழக்கம்போல் எல்லோரும், போச்சுடா என்று சத்தம் போட்டார்கள். ஒருவன் பெட்டியை உதைக்க எழுந்தான். மெர்ல் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, “கைய வச்சே, கைய ஒடச்சிடுவேன். டாய்வோவோட பொண்ணு பாட்டு வருது, உக்காரு” என்றார்.

பத்து நிமிடம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். கூலி நாளில் ஒரு மதுக்கடையில் அது எவ்வளவு நீளம் தெரியுமா? முதலில் முணுமுணுப்பு, பந்தயம், கேலி. டாய்வோ காது இப்படி ஆனதற்கு இந்தப் பாட்டுதான் காரணமோ என்று ஒருவன் கேட்டான். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கியது. யாரோ டிவியை அணைத்தார்கள். பில்லியர்ட்ஸ் மேஜையில் கோல்களைச் சாய்த்து வைத்தார்கள். மறுபடியும் வராமல் போனால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது புதிதா என்ன? அவர் இருப்பதே அந்த மௌனத்துக்குள்தானே.

பிறகு மழை வந்தது. வெளியே பெய்கிறதோ என்று ஒன்றிரண்டு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். நம் கராஜ் கூரை மழை. அதில் என் இருமல். “ஆரம்பி, அக்கா” என்று உன் குரல், இன்னும் உடையாத சின்னப் பையன் குரல் மாதிரி. அப்புறம் என் பேஸ்.

அப்பா முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் அப்படியே ஸ்பீக்கரோடு அழுத்திக்கொண்டார். கால் தாளம் போட்டது, எப்போதும்போல் ஒரு அடி பிந்தி. பாட்டு முடியும்வரை நான் அவரைத்தான் பார்த்தேன். பாதியில் நெற்றியையும் பெட்டியில் வைத்துவிட்டார். முடிந்ததும் திரும்பி, கடைக்கே கேட்கும்படி, “உன் குரல் எனக்குக் கேக்கலம்மா. ஆனா இது நீதான். எனக்குத் தெரிஞ்சுது” என்றார்.

நான் அழுதேன். மெர்லும் அழுதார், வெங்காயம் நறுக்கியதாகச் சொல்கிறார், அவர் கடையில் வெங்காயமே கிடையாது.

பேஸை விற்கவில்லை. போன வாரம் அபெர்டீனிலிருந்து ஒரு பையன் பார்க்க வந்தான், நன்றாகவும் வாசித்தான். அடிக் கம்பி சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜனவரியில் வருகிறேன். ஆனால் எந்த மௌனத்துக்கும் பின்னால் நிற்க மாட்டேன், முதல் பாட்டே என்னுடையதுதான். அப்பாவும் வருவார். ஆம்ப் மேலேயே அவர் உட்கார்ந்துகொள்வார், நாற்காலி தேடாதே.

அன்றைக்கு நாங்கள் கிளம்பலாம் என்று நான் அவருடைய சட்டையைத் தொட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. மெர்லைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, “இன்னொரு தடவ” என்றார்.

மெர்ல் என்னைப் பார்த்தார். அதைக் கேட்க வேண்டுமென்றால் மறுபடியும் முதலிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தையும் கடக்க வேண்டும் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். பில்லியர்ட்ஸ் மேஜைக்காரன் ஒருவன் எழுந்து வந்து, தன் பையிலிருந்து ஒரு கால் டாலரை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான். உன் பாட்டு ஓடி முடிந்தது. இந்தத் தடவை அந்தப் பத்து நிமிடமும் ஒருவரும் பேசவில்லை.

உன் அக்கா,
மார்லிஸ்